பழைய பலகைக் கொட்டகை பழுதுபட்டால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

சிங்கப்பூரில் எஞ்சியிருக்கும் பழைய கொட்டகை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: வன்மரத் தூண், பலகைச் சுவர், நெளிதகரக் கூரை, அடியில் செங்கல் அல்லது சிமெண்டுத் தளம். உபின் தீவில் கம்பத்து வீட்டுக்குப் பின்னால் விறகும் தேங்காயும் போட்டு வைத்தது, லிம் சூ காங், கிராஞ்சிப் பக்கம் பண்ணைச் சரக்கு வைத்தது, பால்மாடு கட்டியது, ரப்பர்த் தாள் உலர்த்தியது என்று பயன் மாறினாலும் வருகிற பழுது ஏறக்குறைய ஒன்றுதான். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டிய காற்று ஈரப்பதம். தண்ணீர் தேங்கும் இடத்தில் மரம் இற்றுப்போகும். காற்றோட்டமும் உலர்வும் உள்ள இடத்தில் அதே மரம் தலைமுறை தாண்டி நிற்கும். அதனால் கீழே எந்த அறிகுறிக்கும் முதல் கேள்வி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதே. அதை அடைக்காமல் மரத்தை மாற்றினால் புது மரமும் அதே இடத்தில் அதே வழியில் போகும்.

கையில் இருக்க வேண்டியவை: தூக்குக்குண்டு, ரசமட்டம், கூர்மையான திருப்புளி, சுத்தியல், டார்ச் விளக்கு, இரண்டு ஊசி வைத்த மர ஈரப்பதமானி, சுண்ணக்கட்டி, என்95 முகக்கவசம்.

## ஆணி பிடுங்கும் முன்

நிலம் யாருடையது என்று பாருங்கள். அரசாங்க நிலம் என்றால் சிங்கப்பூர் நில ஆணையம், உபின் தீவு என்றால் தேசியப் பூங்காக் கழகம், பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் நகர மறுசீரமைப்பு ஆணையம். கேட்டுவிட்டுத் தொடங்குவது பிறகு பதில் சொல்வதைவிட எளிது. தூண், உத்திரம் போன்ற சுமை தாங்கும் உறுப்பில் கை வைப்பதானால் கட்டட, கட்டுமான ஆணையத்தின் விதிகளும் சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது படம். ஒவ்வொரு சுவரையும் நேராக நின்று எடுங்கள், கூரையின் உட்புறத்தையும் சேர்த்து. பிறகு இருட்டிய நேரத்தில் டார்ச்சைப் பலகையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்து இன்னொரு முறை எடுங்கள். பகலில் கண்ணுக்குத் தெரியாத கரிக்கோடும் பென்சில் கணக்கும் தச்சர் இணைப்பில் போட்ட வெட்டுக்குறியும் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில்தான் எழுந்து தெரியும். மாட்டுக் கொட்டில் என்றால் தூணில் முழங்கால் உயரத்தில் தடவிப் பாருங்கள். கயிறு அறுத்த பள்ளம் விரல் புதையும் ஆழத்துக்கு இருக்கும். அதற்குச் சற்று மேலே மாடு கழுத்தைத் தேய்த்துத் தேய்த்து மரம் வழவழவென்று மின்னும். எத்தனை மாடு, எந்த இடைவெளியில், எந்தப் பக்கம் பார்த்துக் கட்டினார்கள் என்பது அந்தத் தூண்களில்தான் எழுதியிருக்கிறது. வேறு எந்த ஏட்டிலும் இருக்காது. இந்த மரத்தை ஒருபோதும் சாண்ட்பேப்பர் போட்டுத் தேய்க்காதீர்கள், வார்னிஷ் அடிக்காதீர்கள்.

தூண் வரிசைகளுக்கு க, ச, ட என்றும், வரிசைக்குள் 1, 2, 3 என்றும் பெயரிட்டு ஒரு தாளில் படம் வரையுங்கள். இனிமேல் எழுதும் குறிப்பெல்லாம் 'ச2, வடக்குப் பக்கம், தரையிலிருந்து 400 மி.மீ.' என்கிற மாதிரி இருக்கட்டும்.

## அறிகுறி: கதவு தரையில் உராய்கிறது, அல்லது சட்டத்தில் பொருந்தவில்லை

கீல் தளர்ந்திருக்கலாம். கதவை நுனியில் பிடித்து மேலே தூக்குங்கள். கீல் பக்கம் அசைந்தால் திருகு பிடிமானம் இழந்துவிட்டது. பழைய துளையில் வன்மரக் குச்சியைப் பசை தடவி அடித்து, காய்ந்தபின் அதே அளவுத் திருகைப் போடுங்கள். இன்னும் பருமனான திருகைத் திணித்தால் சட்டம் பிளக்கும்.

மரம் ஊறியிருக்கலாம். டிசம்பர், ஜனவரி மழையில் பலகை பருத்துக் கதவு இறுகுவது வழக்கம். இழைத்துவிடாதீர்கள். பிப்ரவரிதான் இங்கே ஆண்டின் மிகக் காய்ந்த மாதம். அதுவரை பொறுத்து, அப்போதும் இறுகினால் மட்டும் கைவைக்கலாம்.

சட்டமே சாய்ந்திருக்கலாம். கதவுச் சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். வேறுபாடு 10 மி.மீ.க்கு மேல் இருந்தால் கதவில் குற்றம் இல்லை, கொட்டகை நகர்ந்திருக்கிறது. தூணில் 2 மீட்டர் உயரத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டு, மேலும் கீழும் நூலுக்கும் மரத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறியுங்கள். எல்லாத் தூணும் ஒரே பக்கம் ஒரே அளவு சாய்ந்திருந்தால் குறுக்குத் தாங்கிகள் போய்விட்டன என்று பொருள். யாரோ வண்டி நுழையவோ அலமாரி வைக்கவோ அவற்றை அறுத்து எடுத்திருப்பார்கள். தூணின் பக்கவாட்டில் பழைய இணைப்புக் குழி வெறுமையாக இருக்கிறதா என்று தேடுங்கள். அந்தக் குழிதான் புதிய தாங்கிக்கு இடமும் கோணமும் சொல்லும். ஒரு தூண் மட்டும் சாய்ந்திருந்தால் அதன் அடி இறங்கியிருக்கிறது. அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

விடியற்காலையில் வரும் சுமத்ராச் சூறைக்காற்றுதான் பலமில்லாத சட்டகத்தைப் பெயர்ப்பது. அதனால் தாங்கி வரும்வரை 50 × 100 மி.மீ. சட்டத்தை மூலைக்கு மூலை சாய்வாக வைத்து போல்ட்டு போட்டு நிறுத்துங்கள். இழுத்து நிமிர்த்த முயல வேண்டாம். நகராமல் பிடித்தால் போதும்.

பொறியாளரை அழைக்க வேண்டிய இடம்: 2 மீட்டருக்கு 40 மி.மீ.க்கு மேல் சாய்வு. அல்லது மாதம் ஒரு முறை அதே இடத்தில் அளந்து, மூன்று மாதத்தில் எண் கூடிக்கொண்டே போவது. சாய்வு சிறியதாக இருந்தாலும் கூடிக்கொண்டு போகிற சாய்வே மோசமானது.

## அறிகுறி: தூணின் அடி மெத்தென்று இருக்கிறது

கொட்டகைகளில் அதிகம் பார்க்கும் பழுது இதுதான், அதிகம் தவறாகச் சரிசெய்யப்படுவதும் இதுதான்.

திருப்புளி முனையைத் தரை மட்டத்துக்கு ஒட்டிச் சாய்வாக அழுத்துங்கள். 3 மி.மீ.க்குள் நின்றால் மரம் உறுதி. 10 மி.மீ.க்கு மேல் போனால் இற்றுவிட்டது. பிறகு சுத்தியலால் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். பொத்தென்ற ஒலி கணீரென்று மாறும் இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். நல்ல மரம் அங்கிருந்து தொடங்குகிறது. செங்ஙால், பலாவ் போன்ற வன்மரமாக இருந்தால் வெளியில் வெள்ளைப் பாகம் உதிர்ந்து போயிருக்கும், உள்ளே வைரம், அதாவது நடுவிலுள்ள கெட்டியான பாகம், அசையாமல் இருக்கும். பார்வைக்குப் பயந்து முழுத் தூணையும் கழித்துவிடக் கூடாது.

ஈரப்பதமானியில் 18 விழுக்காடு வரை இங்கே இயல்பு. 20க்கு மேல் கவனிக்க வேண்டும். 25ஐத் தாண்டினால் பூஞ்சணம் வேலை செய்துகொண்டிருக்கிறது. ஒரு எச்சரிக்கை: மாடு கட்டிய இடத்தில் மூத்திர உப்பு மரத்துக்குள் ஏறியிருக்கும், அங்கே மானி உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். தரையிலிருந்து ஒரு மீட்டர் மேலே இன்னொரு அளவு எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், திருப்புளிச் சோதனையையே கடைசித் தீர்ப்பாக வையுங்கள்.

மண் ஏறியிருக்கிறதா? ஆண்டுக்கணக்கில் சருகும் லாலாங் புல்லும் மண்ணும் சேர்ந்து தூணின் அடியை மூடியிருக்கும். தளத்துக்குக் கீழே 150 மி.மீ. வரை வெட்டி எடுங்கள். நிலம் கொட்டகையை விட்டு வெளியே சரியட்டும், மீட்டருக்கு 25 மி.மீ. இறக்கம் போதும். செலவு ஒரு மண்வெட்டியும் ஒரு பகலும்.

கூரைத் தண்ணீர் தெறிக்கிறதா? தாழ்வாரத்துக்கு நேர் கீழே தரையில் குழிவரிசை இருக்கும், பலகையில் முழங்கால் உயரம் வரை மண்கறை இருக்கும். அந்தக் கோட்டில் 300 மி.மீ. அகலம், 100 மி.மீ. ஆழம் தோண்டி 20 மி.மீ. ஜல்லி நிரப்புங்கள். கூரை ஓரத்தில் தண்ணீர் பிடிக்கும் பீலி மாட்டலாமே என்று தோன்றும். இலை அடைத்த பீலியில் ஏடிஸ் கொசு ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். வாரந்தோறும் ஏறிச் சுத்தம் செய்ய ஆள் இல்லாத இடத்தில் ஜல்லிதான் சரி.

சிமெண்டுச் சட்டை போட்டிருக்கிறதா? இற்ற அடியைச் சுற்றி யாராவது சிமெண்டு ஊற்றிக் கெட்டியாக்கியிருப்பார்கள். மரம் சுருங்கும்போது நடுவே மயிரிழை விலகும். மழை அதில் இறங்கி வெளியே வர வழியில்லாமல் நிற்கும். சிறு உளியால் பொறுமையாக உடைத்து எடுங்கள். எபாக்சிப் பசையை நிரப்புவதிலும் இதே குற்றம்தான்: மேலே பளபளப்பாகத் தெரியும், பின்னால் ஈரம் மாட்டிக்கொள்ளும்.

மேற்சொன்னவை முடிந்தும் மரம் போய்விட்டது என்றால் அடியை மட்டும் ஒட்டுப் போடலாம். தூணுக்கு இருபுறமும் திருகு முட்டு நிறுத்துங்கள். ஒவ்வொன்றின் கீழும் 50 மி.மீ. கனத்தில் 600 மி.மீ. நீளப் பலகை வேண்டும், இல்லையென்றால் முட்டு மண்ணில் இறங்கும். சுமை கழன்றால் போதும்: 2, 3 மி.மீ. தூக்கினவுடன் நிறுத்துங்கள். அதற்கு மேல் தூக்கினால் கூரையில் வேறெங்கோ ஆணி பிடுங்கிக்கொள்ளும்.

சுண்ணக்கட்டிக் கோட்டுக்கு மேலே 150 மி.மீ. தள்ளி, நல்ல மரத்தில் வெட்டுங்கள். தூணில் பாதிக் கனம், புதுக் கட்டையில் பாதிக் கனம் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று படிய வையுங்கள். அந்தப் படிவு தூண் அகலத்தைப் போல மூன்று மடங்கு நீளம் இருக்க வேண்டும்: 125 மி.மீ. தூணுக்கு 375. வெளியே தெரியும் வெட்டு முனை கீழ்நோக்கி வெளியே சரியட்டும், வழிகிற மழை உள்ளே போகக் கூடாது. 12 மி.மீ. துருப்பிடிக்கா எஃகு போல்ட்டு நான்கு, 50 மி.மீ. வாஷரோடு, ஒரே நேர்க்கோட்டில் வராமல் மாற்றி மாற்றி. கடலோரமாக இருந்தால் 316 ரகம் கேட்டு வாங்குங்கள். 304 அங்கே பழுப்புக் கறை கட்டும்.

புதுக் கட்டை அதே இன மரமாக இருப்பது நல்லது. இடித்த கட்டடத்து மரத்தைச் சுங்கை காடுட் மரக் கடைகளில் விசாரியுங்கள். நன்கு காய்ந்திருக்கும், பிறகு முறுக்காது. கட்டையின் அடி தரையைத் தொடக் கூடாது. 150 மி.மீ. உயரக் கருங்கல் அல்லது கான்கிரீட்டுப் பீடம், அதன்மேல் ஈரத்தடுப்புத் தாள், அதன்மேல் மரம். புதுக் கட்டையின் உட்பக்கத்தில் ஆண்டை உளியால் பொறித்துவிடுங்கள், பின்னால் வருகிறவர் பழையதையும் புதியதையும் குழப்பிக்கொள்ள மாட்டார்.

உங்கள் கையை விட்டுப் போகும் இடம்: பக்கத்துப் பக்கத்துத் தூண்கள் இரண்டு கெட்டிருந்தால், மூலைத் தூண் கெட்டிருந்தால், இற்றல் ஒரு மீட்டருக்கு மேல் ஏறியிருந்தால் தொழில்முறைப் பொறியாளர் பார்க்காமல் முட்டுக்கூட வைக்க வேண்டாம்.

## அறிகுறி: மரத்தின்மேல் மண்கோடு, அல்லது தரையில் பொடி

மூன்று பூச்சிகள், மூன்று வேறு வைத்தியம். எது என்று தெரியாமல் மருந்து வாங்காதீர்கள்.

பென்சில் கனத்தில் மண்குழாய் தளத்திலிருந்து தூணில் ஏறினால் அது மண் கறையான். குழாயின் நடுவில் ஒரு அங்குலம் மட்டும் உடைத்துவிட்டு இரண்டு மூன்று நாளில் வந்து பாருங்கள். மூடியிருந்தால் உயிரோடு இருக்கிறது. மூடாமல் இருந்தால் பழைய பாதையாக இருக்கலாம், மற்ற தூண்களையும் சோதியுங்கள். சுவரோடு சாய்த்த பலகை, அட்டைப்பெட்டி, விறகு எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுங்கள். கடையில் விற்கும் தெளிப்பானை அடிக்காதீர்கள். முன்னால் தெரிகிற சில நூறு சாகும், கூட்டம் வேறு வழியாக நீங்கள் பார்க்காத தூணில் ஏறும். உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தார் இரைப் பெட்டி வைப்பதே நல்ல வழி. வாரங்கள், சில வேளை மாதங்கள் பிடிக்கும். அதுவரை குழாயைக் கலைக்காமல் விட்டால்தான் இரை கூட்டுக்குப் போகும். மண்ணில் மருந்து ஊற்றுவோம் என்று சொன்னால், பக்கத்தில் கிணறு, மீன்குளம், ஓடை இருப்பதைச் சொல்லிவிடுங்கள். ஃபிப்ரோனில் போன்ற மருந்து நீரில் கலந்தால் மீனும் இறாலும் தப்பாது.

ரவை போன்ற மணிமணியான துகள் குவியலாகக் கிடந்தால் உலர்மரக் கறையான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு மணிக்கும் ஆறு பட்டை தெரியும். இதற்கு மண்தொடர்பு வேண்டாம், ஒரே பலகைக்குள் குடியிருக்கும். குவியலுக்கு நேர் மேலே சிறு துளை இருக்கும். ஒன்றிரண்டு பலகை என்றால் துளை வழியாக போரேட் கரைசல் ஊசி போட்டு, துகளைக் கூட்டிவிட்டு, மாதம் ஒரு முறை புதுத் துகள் விழுகிறதா என்று பாருங்கள். கூரைச் சட்டம் முழுக்கப் பரவியிருந்தால் நச்சுப்புகை போட வேண்டியிருக்கும். அது உரிமம் உள்ளவர் மட்டுமே செய்யும் வேலை, செலவும் அதிகம்.

மாவு போல நைசான பொடி என்றால் உளு, மரத்தைத் துளைக்கும் சிறு வண்டு. துளை ஒன்றிரண்டு மி.மீ. வட்டம். வெள்ளைப் பாகத்தை மட்டும் தின்னும், வைரத்தில் நுழையாது. துளையின் விளிம்பு கறுத்து, பொடி உதிராமல் இருந்தால் பழைய கதை, விட்டுவிடலாம்.

போரேட் வீட்டிலேயே பூசலாம். 1 கிலோ டைசோடியம் ஆக்டாபோரேட்டை 9 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, பெயிண்டு இல்லாத வெற்று மரத்தில் இரண்டு கை அடியுங்கள். வெட்டு முனைகளுக்கு மூன்று கை. மழை படும் மரத்தில் இது கழுவிக்கொண்டு போய்விடும், உட்புறத்துக்கு மட்டும்தான்.

## அறிகுறி: கூரை ஒழுகுகிறது

தகரமா, ஆஸ்பெஸ்டாஸா என்று முதலில் பிரியுங்கள். சாம்பல் நிறம், 6 மி.மீ. போலக் கனம், அகலமான நெளி, தட்டினால் உலோக ஒலி வராது என்றால் கை வைக்காதீர்கள். துளை போடுவது, தேய்ப்பது, உயரழுத்தத் தண்ணீர் அடிப்பது எதுவும் கூடாது. 1991ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதிக்கு முன் கட்டிய கட்டடத்தில் இப்படிப்பட்ட பொருளைத் தொடும் வேலைக்கு முன்னால் தகுதி பெற்றவர் ஆய்வு செய்ய வேண்டும், அகற்றுவதற்கு மனிதவள அமைச்சு அங்கீகரித்த குத்தகையாளர் வேண்டும். இதில் குறுக்கு வழி கிடையாது.

தகரம் என்றால் நல்ல வெயிலில், நண்பகலில் உள்ளே போய்க் கதவுகளைச் சாத்துங்கள். ஒளிப்புள்ளி தெரியும் ஒவ்வொரு இடத்துக்கும் நேர் கீழே தரையில் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். பிறகு மழையில் வந்து எந்தக் குறியில் சொட்டுகிறது என்று பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் தண்ணீர் மேலே நுழைந்து சட்டத்தில் ஓடிக் கீழே சொட்டுகிறது. சொட்டும் இடத்திலிருந்து மேட்டுப் பக்கமாகத் தேடுங்கள்.

மழையே இல்லாத விடியற்காலையில் தகரத்தின் அடிப்பரப்பு முழுக்க நனைந்திருந்தால் அது ஒழுக்கு இல்லை, தகரம் குளிர்ந்து படிந்த ஈரம். கூரை முகட்டிலும் தாழ்வாரத்திலும் யாராவது அடைத்த காற்றுவழியைத் திறந்துவிடுங்கள்.

ஆணி எழும்பியிருந்தால்: வெயிலில் விரிந்து மழையில் சுருங்கும் தகரம் ஆணியை மெல்ல மெல்லப் பிடுங்கும். அதே துளையில் திரும்ப அடித்தால் ஓரிரு பருவத்தில் மறுபடி எழும். பழைய ஆணியை எடுத்துவிட்டு, ஒரு அளவு பருமனான, ரப்பர் வாஷர் வைத்த கூரைத் திருகைப் போடுங்கள். 75 மி.மீ. நீளம். நெளியின் மேட்டில் போடுங்கள், பள்ளத்தில் போட்டால் தண்ணீர் ஓடும் வழியிலேயே துளை. வாஷர் லேசாக அமுங்கும்போது நிறுத்துங்கள். பிதுங்கினால் சீக்கிரம் வெடிக்கும்.

ஓட்டை விழுந்திருந்தால்: துருவைக் கம்பித் தூரிகையால் எடுத்துத் துத்தநாக ப்ரைமர் அடியுங்கள். 10 மி.மீ.க்குள் உள்ள துளைக்கு ப்யூட்டைல் ரப்பர் ஒட்டுப்பட்டை போதும். சிலிக்கோன் போடுவதானால் வினிகர் வாடை வீசும் வகை வேண்டாம், அதன் அமிலம் துத்தநாகப் பூச்சைத் தின்றுவிடும். நடுநிலை வகை என்று கேட்டு வாங்குங்கள்.

தகடே போய்விட்டால்: அந்த ஒரு தகட்டை மட்டும் மாற்றுங்கள். பழைய நெளி பெரும்பாலும் மேட்டுக்கு மேடு 76 மி.மீ., இப்போதைய தகடுகளின் நெளி பல வகை. ஒரு அட்டையில் நெளியின் வடிவத்தை வரைந்து வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பொருந்தாத தகட்டை அழுத்திப் பொருத்தினால் பக்கப் படிவில் ஒழுகும். மேல்கீழ் படிவு 200 மி.மீ., பக்கப் படிவு ஒன்றரை நெளி. கழற்றிய தகட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்: உற்பத்தியாளர் முத்திரை மங்கலாகத் தெரியலாம். படம் எடுத்து, தூண் எண்ணோடு குறித்து வையுங்கள். கொட்டகையின் வயதை நிறுவ அதுவும் ஒரு சான்று.

ஏறும்போது ஆணி வரிசையின்மேல் கால் வையுங்கள், கீழே சட்டம் இருப்பது அங்கேதான். ஏணிப்பலகை போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. வேலைத்தலமாக ஆள் வைத்துச் செய்வதானால் 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய உயரத்தில் வேலை அனுமதி முறை கட்டாயம்.

## அறிகுறி: அடிச்சுவர் உப்புப் பூக்கிறது, காரை உதிர்கிறது

சாதாரணக் கொட்டகையில் இது தரை ஈரம். மேலே சொன்ன மண் வெட்டும் வேலையும் ஜல்லியும் பாதி தீர்க்கும். மீதிப் பாதி, சிமெண்டுக் காரையைத் தட்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசுவது: சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் மூன்று பங்கு. கடல் மணல் கூடாது. சிமெண்டு ஈரத்தை உள்ளே பூட்டும், சுண்ணாம்பு வெளியே விடும்.

மாட்டுக் கொட்டிலில் கதை வேறு. பல்லாண்டு மூத்திரம் ஊறிய செங்கல்லில் நைட்ரேட் உப்பு நிறைந்திருக்கும். அந்த உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். மழை இல்லாத, புழுக்கமான நாளில் சுவர் திட்டுத்திட்டாக நனைந்து, வெயில் காயும்போது காய்ந்தால் இதுதான் காரணம், எத்தனை முறை பூசினாலும் உதிரும். காகிதக் கூழை வடிகட்டிய நீரில் பிசைந்து 20 மி.மீ. கனத்தில் சுவரில் அப்பி, நன்கு காய்ந்து விலகும்போது எடுத்து எறியுங்கள். உப்பு கூழோடு வரும். பலமுறை செய்ய வேண்டும். பூக்கிற உப்பை உலர்ந்த தூரிகையால் கூட்டி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து உள்ளேயே திரும்பிப் போகும். சாணி வாய்க்காலையும் தீனித் தொட்டியையும் சிமெண்டு போட்டு நிரவிவிடாதீர்கள்: இது மாட்டுக் கொட்டில் என்று அடையாளம் சொல்வது அவைதான். புக்கித் தீமாவை அடுத்த டைரி ஃபார்மில் 1929இல் தொடங்கிய பால்பண்ணையின் பழைய கொட்டகை, இன்று வாலஸ் கல்வி நிலையமாக நிற்கிறது. பயன் மாறியும் கட்டடம் பிழைக்க முடியும் என்பதற்கு நேரில் போய்ப் பார்க்கத்தக்க சான்று.

## அறிகுறி: உள்ளே இருக்கும் தாளும் படமும் கருவியும் கெடுகின்றன

நனைந்த கணக்கேடு. 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கும். வெயிலில் வைத்தால் தாள் சுருண்டு மை பரவும். பிரிக்காமல் உறைபெட்டிப் பைக்குள் போட்டு உறைய வையுங்கள், உங்களுக்கு நேரம் கிடைக்கும். பிறகு சிறிது சிறிதாக எடுத்து, இருபது பக்கத்துக்கு ஒரு மைவராத வெள்ளைத்தாள் செருகி, மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். காற்று நேரே படாமல் சுவரில் பட்டுத் திரும்பட்டும்.

ஒட்டிக்கொண்ட புகைப்படங்கள். பிரிக்காதீர்கள். பழுதுபார்க்கும் வல்லுநரிடம் கொடுங்கள். பிய்ந்த முகம் திரும்ப வராது.

காய்ந்தபின் தாளையும் படத்தையும் கொட்டகைக்குள் திரும்ப வைக்க வேண்டாம். கேமராக் கடையில் கிடைக்கும் மின்சார உலர் அலமாரியை 50 விழுக்காட்டில் வைத்தால் போதும். கொட்டகையில் மாட்டுவதற்கு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரும்பு. ரப்பர் உருளை இயந்திரம், மாட்டுச் சங்கிலி, கத்தி எதையும் கிரைண்டர் வைத்துத் தேய்க்காதீர்கள். தளர்ந்த துருவை மட்டும் எடுத்து மெழுகு பூசுங்கள். பித்தளைப் பால்படியைப் புளி போட்டு மினுக்க ஆசை வரும். அளவுச் சோதனை முத்திரை அடியிலோ விளிம்பிலோ இருக்கும், மினுக்கினால் தேய்ந்துவிடும்.

எதையும் இடம் மாற்றும் முன் எங்கே, எந்த ஆணியில் தொங்கியது என்று எழுதுங்கள். அந்தக் கொட்டகையில் வேலை செய்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார வைத்து, பொருளைக் கையில் கொடுத்துக் கேளுங்கள், கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். புல் எங்கே அறுத்தீர்கள், பால் எந்த நேரம் எந்தத் தெருவுக்குப் போனது, கன்று ஈன்றால் யாரைக் கூப்பிட்டீர்கள். வீட்டு வரவேற்பறையில் கேட்டால் 'அப்போ கஷ்டம்தான்' என்பதோடு நின்றுவிடும் பேச்சு, தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கையில் நீளும்.

## அறிகுறி: உள்ளே உயிரினங்கள்

வௌவால், மலைப்பாம்பு, நாகம் எதையும் நீங்களே விரட்டாதீர்கள். வனவிலங்குச் சட்டம் குறுக்கே வரும். தேசியப் பூங்காக் கழகத்தை அழையுங்கள். வௌவால் எச்சத்தை உலர்ந்தபடி கூட்டக் கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, என்95 அணிந்து அள்ளுங்கள்.

## அறிகுறி: நிலக் குத்தகை முடிகிறது, கொட்டகை போகப் போகிறது

இங்கே மரம் கெட்டுப் போவதைவிட அதிகம் நடப்பது இது. கடிதம் கையில் வந்த வாரமே தொடங்குங்கள்.

இடத்திலேயே விடக் கேட்பது செலவில்லாத வழி. படங்கள், அளவுகள், முதியவர் பதிவு மூன்றையும் சேர்த்து நில உரிமையாளரான அமைப்புக்கு எழுதுங்கள். 'பழமையானது' என்ற சொல்லைவிட, 'ச2 தூணில் கயிற்றுப் பள்ளம், ஆறு கட்டுத்தறி, வாய்க்கால் முழுதாக உள்ளது' என்ற வரி பேசும்.

அது நடக்காவிட்டால் முழு அளவுப் பதிவு. 1:50 அளவில் தரைப்படம், நான்கு பக்கத் தோற்றம், ஒரு குறுக்குவெட்டு. இணைப்புகளை 1:5 அளவில் தனியாக வரையுங்கள். கைப்பேசியில் ஒன்றோடொன்று மூன்றில் இரண்டு பங்கு மேவும்படி சுற்றிச் சுற்றிப் படமெடுத்தால் பிறகு அதிலிருந்து முப்பரிமாண உருவம் செய்யலாம். படம் ஒவ்வொன்றிலும் ஒரு அளவுகோல் தெரியட்டும்.

பிரித்து எடுப்பதானால் ஒவ்வொரு உறுப்பிலும் துருப்பிடிக்காத கம்பியில் எண் தகடு கட்டுங்கள், பெயிண்டால் எழுத வேண்டாம். மேலிருந்து கீழாக: தகரம், குறுக்குச் சட்டம், கைமரம், சுவர்ப்பலகை, தாங்கி, கடைசியில் தூண். மர ஆணியை ரம்பத்தால் அறுக்காமல் பின்பக்கத்திலிருந்து தட்டி வெளியே எடுங்கள். முழுக் கொட்டகைக்கு இடம் இல்லையென்றால், இரண்டு தூண்களுக்கு நடுவிலுள்ள ஒரே ஒரு பகுதியை, தளத்திலிருந்து கூரைவரை முழுதாகக் காப்பாற்றுங்கள். பல இடத்துத் துண்டுகளைவிட அது மேல். அடுக்கும்போது தரையிலிருந்து 300 மி.மீ. உயர்த்தி, அடுக்குக்கு அடுக்கு 25 மி.மீ. குச்சி வைத்து, மேலே மட்டும் மூடுங்கள். பக்கத்தையும் மூடினால் உள்ளே வெந்து பூஞ்சணம் பிடிக்கும்.

பதிவுகளின் ஒரு படியைச் சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்திடமும், மாடு, பால், தோட்ட வேலை தொடர்பான பொருள் என்றால் கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்திடமும் வேண்டுமா என்று கேளுங்கள். பொருளைத் தூக்கிக்கொண்டு நேரே போகாதீர்கள். முதலில் படம், அளவு, எந்தத் தூணில் இருந்தது, யார் பயன்படுத்தினார் என்ற நான்கையும் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். எல்லாவற்றையும் அவர்கள் ஏற்க மாட்டார்கள். ஏற்காதவற்றைக் குடும்பத்தில் ஒருவர் பெயர் போட்டு, எண் தகட்டைக் கழற்றாமல், அந்த ஒரு பக்கக் குறிப்போடு சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிடுங்கள்.